அரசி காய்ச்சலில் செத்த கதை

ஒரு டிவி தொடரின் முடிவை மாற்றிச் சொன்னதற்காக ஒரு மனிதர் தன் கடைசி நாள்வரை என்னிடம் சரியாகப் பேசவில்லை. கேட்பவர்கள் சிரிப்பார்கள். ஐம்பது வயதில் இதெல்லாம் ஒரு கவலையா என்பார்கள். என் தம்பியே அப்படித்தான் கேட்டான். அவனுக்குச் சொல்லிப் புரியவைக்க என்னால் முடியவில்லை. அதனால்தான் எழுதிப் பார்க்கிறேன்.

செங்கல்பட்டில் ஒரு டயாலிசிஸ் நிலையம். செவ்வாய், வியாழன், சனி காலை ஏழு மணி ஷிஃப்டில் என் பெயர் இருந்தது. இருபத்தைந்து வருஷம் கணக்குப் பாடம் நடத்திவிட்டு, சிறுநீரகங்கள் இரண்டும் கைவிரித்ததும் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டவள் நான். அங்கே எல்லோருக்கும் நான் டீச்சர். உள்ளே போனதும் எடை பார்ப்பார்கள். எவ்வளவு தண்ணீர் உடம்பில் சேர்ந்திருக்கிறதென்று அந்த மெஷின் காட்டிக்கொடுத்துவிடும். பிறகு கையில் இரண்டு ஊசி குத்தி, நான்கு மணி நேரம் ரத்தத்தை வெளியே எடுத்துக் கழுவி உள்ளே அனுப்புவார்கள். ஊசி குத்திய கையை அசைக்கக் கூடாது. புத்தகம் படிக்க முடியாது. விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான்.

என் கட்டிலுக்கு அடுத்த கட்டிலில் ஒரு கல்லூரிப் பெண். பொத்தேரியில் விடுதியில் தங்கிப் படிப்பவள். மூன்று நாளும் காலை மின்சார ரயிலில் வந்து இறங்குவாள். என்னை 'மிஸ்' என்பாள். அவளுக்கு அந்தப் பக்கத்துக் கட்டிலில் ஒரு தண்ணி லாரிக்காரர். திருக்கழுக்குன்றத்துப் பக்கத்துக் கிராமம். வயல் கிணறுகளில் நிரப்பி மாமல்லபுரம் ரிசார்ட்டுகளுக்குத் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றிப் பிழைத்தவர். இப்போது லாரியை வேறு ஆள் ஓட்டினார். எங்களுக்கெல்லாம் ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர்தான் கணக்கு. அதற்கு மேல் குடித்தால் மூச்சு முட்டும். "ஒரு நாளைக்கு எட்டு லோடு அடிச்சவன் நானு. இப்ப ஒரு சொம்பு தண்ணிக்கு பொண்டாட்டி கிட்ட கெஞ்சிகினு கீறேன்" என்பார். சொல்லிவிட்டுச் சிரிப்பார். நாங்களும் சிரிப்போம். வேறு என்ன செய்ய.

தொடரைக் கொண்டுவந்தவள் அந்தப் பெண். மருந்து பாட்டில் தொங்கும் கம்பியில் துணி கிளிப்பை மாட்டி, அதில் தன் போனைச் சொருகி, எங்கள் மூவருக்கும் தெரிகிற மாதிரி திருப்பி வைப்பாள். எந்த நாட்டிலோ எடுத்த மாயக்கதை. தமிழில் டப்பிங் செய்திருந்தார்கள். நல்ல தண்ணீர்க் கடல் ஒன்று. அதை ஒரு ராஜவம்சம் மதில் எழுப்பித் தங்கள் பக்கம் அடைத்துவைத்திருக்கிறது. மதிலுக்கு இந்தப் பக்கம் வறட்சி. தண்ணீர் சுமப்பவன் ஒருவனின் மகள், மதிலை இடிக்கிறேன் என்று சபதம் செய்து, படை சேர்த்து, அரசி ஆகிறாள். அவளுக்கு வாகனமாக ஒரு மிருகம். மூலத்தில் அதற்கு என்ன பெயரோ, தமிழில் யாளி ஆக்கிவிட்டார்கள். சேனாதிபதி 'அடியேன்' என்று ஆரம்பித்து 'போயிட்டு வந்துடறேன்' என்று முடிப்பான்.

முதல் நாள் நான் முகம் சுளித்தேன். சின்னப் பிள்ளைகள் பார்ப்பதை இந்த வயதில் பார்ப்பதா என்று. லாரிக்காரர்தான் முதலில் விழுந்தார். "நல்ல தண்ணிக் கடலா! மாபலிபுரத்துல அப்டி இருந்தா என் வண்டிக்கு வேலையே இல்லாம பூடுமே" என்றார். பத்தாவது நாள் நான் விழுந்தேன். அதற்குப் பிறகு எனக்குச் செவ்வாய்க்கிழமை என்றால் ஊசி ஞாபகம் வருவதில்லை, அரசி ஞாபகம்தான் வரும். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

எங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு இருந்தது. மூவருக்கும் ஊசி ஏறிய பிறகுதான் படம் ஓடும். ஒருவர் வரவில்லை என்றால் அன்றைக்குப் படம் கிடையாது. வீட்டில் தனியாகப் பார்க்கக் கூடாது. யார் போட்ட சட்டம் என்று நினைவில்லை, ஆனால் யாரும் மீறவில்லை. அந்தப் பெண்ணின் விடுதியில் எல்லோரும் முன்னதாகப் பார்த்துவிட்டு வாய் ஓயாமல் பேசுவார்களாம். காதைப் பொத்திக்கொண்டு சாப்பிடுவேன் மிஸ் என்பாள். இப்படியே இரண்டு வருஷத்தில் ஏழு பருவங்களையும் முடித்து, எட்டாவதும் கடைசியுமான பருவத்துக்கு வந்து சேர்ந்தோம். இப்போது வாரம் ஒரு பகுதி. திங்கள் காலை வரும். செவ்வாய் நாங்கள் பார்ப்போம்.

லாரிக்காரருக்கு அரசி மேல் தனிப் பிரியம். "எம் பொண்ணு மாரியே. சொன்ன பேச்சு கேக்காது" என்று ஒருமுறை சொன்னார். மகள் இருக்கும் விஷயமே அன்றுதான் எங்களுக்குத் தெரியும். கடப்பாக்கத்தில் மீன் ஏலம் எடுக்கும் பையனைத் தானாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு போய்விட்டாளாம். நான்கு வருஷமாகப் பேச்சில்லை. "இங்கிருந்து ஒரு பஸ் தூரம்தானே, போன்கூடப் பண்ண மாட்டீங்களா அண்ணே?" என்று கேட்டேன். "ரொம்ப முடியாம போச்சுன்னா கூப்புடுவேன் டீச்சரம்மா. அதுக்கு முன்னால மாட்டேன். சாவறதுக்கு முன்ன ஒரு தபா பாத்துட்டா போதும்" என்றார். பிடிவாதக்காரர்களை எனக்கு வகுப்பிலேயே நிறையத் தெரியும். மேலே எதுவும் சொல்லவில்லை.

கடைசிப் பகுதி வருவதற்கு முந்தின சனிக்கிழமை. பாதி டயாலிசிஸில் அவருக்குக் குளிர் எடுத்தது. கட்டில் ஆடுகிற அளவுக்கு நடுங்கினார். அவர் கையில் ஊசி போட நரம்பு ஒத்துழைக்காமல் போனதால் ஒரு மாதமாகக் கழுத்தில் குழாய் வைத்திருந்தார்கள். அதன் வழியாகக் கிருமி போயிருக்கலாம் என்றார் டாக்டர். காய்ச்சல் ஏறிக்கொண்டே போனது. சென்னை போகும் ஜி.எஸ்.டி. ரோட்டில், பொத்தேரி தாண்டி இருக்கும் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ஸ்ட்ரெச்சரில் போகும்போது என்னைத் தேடிப் பார்த்து, "நீங்க பாத்துடுங்க. டீச்சரம்மா நேர்ல வந்து சொல்லணும். அந்தப் பொண்ணு சிரிச்சி சிரிச்சி மாத்திடும். நீதான் ஃபெயிலுன்னா ஃபெயிலுன்னு சொல்ற ஆளு" என்றார்.

செவ்வாய்க்கிழமை அவர் கட்டிலில் வேறு யாரோ படுத்திருந்தார்கள். நானும் அந்தப் பெண்ணும் கடைசிப் பகுதியைப் பார்த்தோம்.

இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது. எட்டுப் பருவமாக மதிலை நோக்கி நடந்த பெண் அவள். போன வாரம் மதிலின் நிழல் அவள் காலடியில் விழுகிறது. இந்த வாரம் அவளைக் காட்டவே இல்லை. ஒரு தூதன் குதிரையில் வருகிறான். "அரசியார் கூடாரத்தில் காய்ச்சலில் இறந்துவிட்டார்" என்கிறான். அவ்வளவுதான். ஒரே வரி. சேனாதிபதி தலையைக் குனிகிறான். அடுத்து யாரோ இரண்டு இளவரசர்களுக்கும் இளவரசிகளுக்கும் கல்யாணம், விருந்து, பாட்டு. மதில் அப்படியே நிற்கிறது. யாளி எங்கே போனது என்று ஒருவரும் கேட்கவில்லை. படம் முடிந்து எழுத்து ஓட ஆரம்பித்தது.

அந்தப் பெண் அழுதாள். அழுகை என்றால் கோபத்தில் வருகிற அழுகை. "ஏமாத்திட்டாங்க மிஸ், எட்டு சீசன் மிஸ்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். எனக்கும் கோபம்தான். வழிமுறை எழுதாமல் விடையை மட்டும் எழுதுகிறவனுக்கு நான் ஒருநாளும் மார்க் போட்டதில்லை. இவன் விடையையாவது எழுதினானா? சாயங்காலம் பார்த்தால் உலகமே அந்தக் கதாசிரியனைத் திட்டிக்கொண்டிருந்தது. முடிவை மாற்றி எடுக்கச் சொல்லி எந்தெந்த நாட்டிலோ கையெழுத்து வாங்கினார்கள். பொத்தேரி விடுதிப் பிள்ளைகள் ஒரு படி மேலே போனார்கள். நம் ஊரில் யார் செத்தாலும் ஒட்டுவோமே, அந்தக் கண்ணீர் அஞ்சலி போஸ்டரை அரசிக்கு அடித்துவிட்டார்கள். அந்தப் பெண் அதைப் படம் பிடித்து எனக்கு அனுப்பினாள். நடுவில் அரசி படம், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. 'எங்கள் அரசியார் கூடாரத்தில் காய்ச்சலால் அகால மரணமடைந்தார் என்பதை ஆழ்ந்த ஆத்திரத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம். இவண்: எட்டு சீசன் பார்த்து ஏமாந்தோர்.' ரயில் நிலையச் சுவரெல்லாம் ஒட்டியிருக்கிறார்களாம். அந்த ஒரு நாள் அதைப் பார்த்துச் சிரித்தேன்.

புதன்கிழமை அவரைப் பார்க்கப் போனேன். நாலு மணிக்குத்தான் உள்ளே விடுவார்கள். ஐ.சி.யூ. வாசலில் அவர் மனைவி தரையில் உட்கார்ந்திருந்தார். ரத்தத்தில் கிருமி கலந்துவிட்டது, மருந்து கேட்கவில்லை, இரண்டு நாள் தாண்டினால்தான் சொல்ல முடியும் என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னார். "அவருகிட்ட ஒண்ணும் சொல்லாதம்மா. பயந்தே பூடுவாரு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். ஊசி குத்தின கை. வலித்தது. சரி என்று தலையாட்டினேன்.

உள்ளே அவர் பாதியாகக் கிடந்தார். உதடு வெடித்திருந்தது. என்னைப் பார்த்ததும் கண் தெளிந்தது.

"இன்னா ஆச்சு டீச்சரம்மா? மதில இடிச்சாளா?"

வழியெல்லாம் இதை யோசித்துக்கொண்டுதான் வந்திருந்தேன். நூற்றுமூன்று டிகிரியில் கிடக்கும் மனிதரிடம் அரசி காய்ச்சலில் செத்தாள் என்று எந்த வாயால் சொல்வது? "இடிச்சுட்டா அண்ணே" என்றேன்.

"எப்டி?"

கதை சொல்லி எனக்குப் பழக்கமில்லை. ஆனாலும் வந்தது. யாளி மதிலில் முட்டியது, மூன்றாவது முட்டில் விரிசல் விட்டது, தண்ணீர் முதலில் கசிந்து பிறகு கொட்டியது, ஜனங்கள் குடங்களோடு ஓடி வந்தார்கள் என்றெல்லாம் சொன்னேன்.

"அவ தண்ணி குடிச்சாளா?"

"குடிச்சா. ரெண்டு கையாலயும் அள்ளி வயிறு முட்டக் குடிச்சா."

கண்ணை மூடிக்கொண்டார். முகத்தில் அப்படி ஒரு திருப்தி. நான் எழுதியிருந்தால் அந்தத் தொடர் உருப்பட்டிருக்கும் என்றுகூட எனக்குத் தோன்றியது. அந்தத் திமிர் அடங்குவதற்குள் அவர் கண்ணைத் திறந்தார்.

"டாக்டரு இன்னா சொன்னாராம்? இவ வாயே தொறக்க மாட்டேங்கறா. நீ உள்ளத சொல்லு."

"ரெண்டு நாள்ல வீட்டுக்கு அனுப்பிடுவாங்களாம்."

"நெசமா?"

"நான் என்னைக்கு அண்ணே பொய் சொன்னேன்?"

"அப்ப சரி" என்றார். "பொண்ணுக்கு போன் போட சொல்லலாமான்னு ரோசன பண்ணிகினு இருந்தேன். வாணாம். வூட்டுக்கு தானே போறேன்."

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். அண்ணே, கூப்பிடுங்க, இப்பவே கூப்பிடுங்க என்று ஒரு வார்த்தை. நாக்கு நுனிவரை வந்தது. அவர் மனைவிக்குத் தலையாட்டியது நினைவுக்கு வந்தது. சொன்ன பொய் அதற்குள் பெரிதாக வளர்ந்து நின்றது. ஒன்றைப் பிடுங்கினால் இரண்டும் வந்துவிடும். நர்ஸ் நேரமாகிவிட்டது என்றாள். வெளியே வந்துவிட்டேன். அவர் மனைவியிடமாவது மகளைப் பற்றிச் சொன்னேனா என்றால் அதுவும் இல்லை.

அவர் சாகவில்லை. மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. பன்னிரண்டு நாள் கழித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். நானும் அந்தப் பெண்ணும் சந்தோஷத்தில் அந்தப் பொய்யையே மறந்துவிட்டோம். பார்க்க மாட்டார், போனில் தானாக எதையும் போட்டுப் பார்க்கத் தெரியாது, சொன்னது சொன்னபடியே இருக்கட்டும் என்று அவளிடம் சொல்லி வைத்திருந்தேன்.

வியாழக்கிழமை அவர் தன் பழைய கட்டிலுக்கு வந்தார். மெஷின் ஓடத் தொடங்கும்வரை பேசவில்லை. ஓடியதும் என் பக்கம் திரும்பி, "டீச்சரம்மா, அந்த முடிவ இன்னொரு தபா சொல்லேன்" என்றார்.

சொன்னேன். இந்த முறை இன்னும் கொஞ்சம் சேர்த்தேன். யாளிக்கு மாலை போட்டேன். நடுவில் படுத்திருந்த அந்தப் பெண் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முழுக்கக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "ஆஸ்பத்திரிலேந்து கார்ல வூட்டுக்கு வந்துகினு இருந்தேன். பொத்தேரில சிக்னல்ல நின்னுச்சு. செவுத்துல போஸ்டரு. யாரு செத்ததுன்னு பாத்தா நம்ம அரசி."

நான் திரும்பி அந்தப் பெண்ணைப் பார்த்தேன்.

"காய்ச்சல்ல செத்தாளாமே?"

"அண்ணே, உங்களுக்கு அப்ப..."

"எனுக்கும் காய்ச்சலு. அதான் சொல்லல. அப்ப நானும் சாவப்போறேன்னு முடிவு பண்ணிட்டுத்தான் வந்து குந்துனியா?" குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தேவலை. "அதுவும் போவட்டும். கத தானே. டாக்டரு சொன்னாருன்னு சொன்னியே, அதுவும் கதையா? வூட்டுக்கு வந்தப்பறம் இவ சொல்றா, ரெண்டு நாளு தாண்டுனாத்தான் சொல்ல முடியும்னாங்களாம். எம் பொண்ண கூப்புட்டுருப்பேனே டீச்சரம்மா. ஒங்கிட்ட கேட்டுட்டு தானே வாணான்னேன்?"

மன்னிப்புக் கேட்டேன். இரண்டு முறை கேட்டேன். "வுடு" என்றார். அதற்குப் பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்த வாரம் மதிய ஷிஃப்டுக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டார். நான் முடித்து வெளியே வரும்போது அவர் உள்ளே வருவார். எடை மெஷினருகே ஒரு நிமிஷம் எதிரெதிரே நிற்போம். "நல்லா இருக்கீங்களா அண்ணே?" "கீறேன்." அவ்வளவுதான். ஒருநாள் துணிந்து, இப்போதாவது மகளுக்குப் போன் செய்தீர்களா என்று கேட்டேன். "நல்லாத்தானே கீறேன். இப்ப இன்னாத்துக்கு?" என்று மெஷினில் ஏறி நின்றார். மனுஷனுக்குப் பழைய வீம்பு திரும்பியிருந்தது. பயத்தில் இளகியிருந்த அந்த ஒரு நாளை நான்தான் கெடுத்தேன். அது மறுபடி வரவேயில்லை.

நானும் அந்தப் பெண்ணும் அதற்குப் பிறகு எந்தத் தொடரும் பார்க்கவில்லை. துணி கிளிப் மட்டும் கம்பியில் மாட்டியபடியே இருந்தது.

எங்கள் வாரத்தில் சனிக்கும் செவ்வாய்க்கும் நடுவே இரண்டு நாள் இடைவெளி. அந்த இரண்டு நாள்தான் எங்களைப் போன்றவர்களுக்குக் கண்டம். ஐப்பசி மழையில் ஒரு செவ்வாய்க்கிழமை, எனக்கு ஊசியைக் குத்திக்கொண்டே டெக்னீஷியன் பையன், "உங்க பழைய ஃப்ரெண்டு, தண்ணி லாரிக்காரர், நேத்து சாயங்காலம் தவறிட்டாராம் டீச்சர்" என்றான். சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனான். ஒரே வரி. சாயங்காலம் டீ குடித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டாராம். யாரையும் கூப்பிட நேரமில்லை. அந்தக் கதாசிரியனை நான் எவ்வளவு திட்டியிருப்பேன். அவன் எழுதியது பொய்யில்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. எனக்கு அழுகை வந்தது. நான்கு மணி நேரமும் கையை அசைக்காமல் அழுதேன்.

முடிந்ததும் கைக்கட்டோடு பஸ் ஏறி அவர் ஊருக்குப் போனேன். ஊர் முனையில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். நடுவில் அவர் படம், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. நின்று படிக்கத் தைரியம் வரவில்லை. வீட்டு வாசலில் பறை அடித்துக்கொண்டிருந்தார்கள். லாரியை ஓரமாக நிறுத்தியிருந்தார்கள். குழாயிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

மகளை எனக்கு யாரும் காட்ட வேண்டியிருக்கவில்லை. அதே முகவெட்டு. பெண்கள் கூட்டத்துக்குச் சற்று வெளியே, கைக்குழந்தையோடு தனியாக நின்றிருந்தாள். அவளுக்கும் யாரோ என்னைப் பற்றிச் சொல்லியிருக்க வேண்டும். நேரே வந்தாள்.

"நீங்கதானே டீச்சரு? அப்பாகூட ஒண்ணா படம் பாப்பீங்களாமே?"

ஆமாம் என்றேன்.

"என்னப் பத்தி எதனா சொன்னாராங்க? ஒரு வார்த்தையாச்சும்?"

சொல்வதற்கு எத்தனையோ இருந்தது. எந்நேரமும் உன் பேச்சுதான் என்று சொல்லியிருக்கலாம். அடுத்த வாரம் வர இருந்தார், குழந்தைக்கு வெள்ளிக் கொலுசுகூட வாங்கி வைத்திருந்தார் என்று சொல்லியிருக்கலாம். மதிலையே இடித்துத் தள்ளியவளுக்கு இது ஒரு பெரிய காரியமில்லை. ஆனால் சபதம் எடுத்துக்கொண்டுதான் பஸ் ஏறியிருந்தேன். இனி யாரிடமும் மாற்றிச் சொல்வதில்லை என்று.

உள்ளதைச் சொன்னேன். ரொம்ப முடியாமல் போனால் உன்னைக் கூப்பிடுவேன் என்றார். முடியாமல் போனபோது கூப்பிடத்தான் நினைத்தார். வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று நான் பொய் சொன்னேன், அதனால் வேண்டாமென்று விட்டுவிட்டார். பிழைத்து வந்த பிறகு நான் கேட்டேன், இப்போது எதற்கு என்றார்.

அவள் குழந்தையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். என்னைத் திட்டுவாள், அறைவாள் என்று காத்து நின்றேன். இரண்டுக்கும் நான் தயாராகத்தான் போயிருந்தேன்.

"அவருகிட்ட அவ்ளோ பொய் சொன்னீங்களே டீச்சர்" என்றாள். "எனக்கு ஒண்ணு சொல்லியிருக்கக் கூடாதா?"

உள்ளே அவரைத் தூக்கத் தயாரானார்கள். அவள் அந்தப் பக்கம் போனாள்.